கிரீஸ் என்று சொல்லப்பட்ட மூன்று ஹைட்ரஜன்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அம்சவேணியைப் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. அவளுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. ஒத்துவந்தது ஒன்றே ஒன்றுதான்: தரைத்தளத்தில், எந்நேரமும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையில், ஆள் உயரக் காந்தத்தோடு நின்று, மூலக்கூறுக்குள் ஹைட்ரஜன்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்டிய என்.எம்.ஆர். கருவி. அதை இயக்குவதுதான் அவள் வேலை.

காலை ஒன்பதரைக்கு அறையைத் திறந்ததும் அவள் முதலில் எடுப்பது ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை. வாய் உருக்கி அடைக்கப்பட்ட குழாய், உள்ளே எதில்பென்சீன். அதைக் காந்தத்தின் நடுவே இறக்கி, காற்றால் சுழலவிட்டு, கருவியின் பேனா தாளில் என்ன வரைகிறது என்று பார்ப்பாள். எதில் தொகுதிக்குப் பேனா எப்படி ஏறி இறங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஓர் இடத்தில் நான்கு விரல், தள்ளி இன்னோர் இடத்தில் மூன்று விரல். அந்த மூன்றில் நடுவிரல் உயரம், ஓரத்து விரல்கள் அதில் பாதி. பக்கத்துக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தால்தான் ஒரு மெத்தில் தொகுதியின் மூன்று ஹைட்ரஜன்களும் தாளில் இப்படி மூன்றாகப் பிரிந்து தெரியும். விரல்கள் மழுங்கி வந்தால் காந்தப்புலம் கலைந்திருக்கிறது என்று அர்த்தம். குமிழ்களைத் திருகிச் சரிசெய்த பிறகுதான் மற்றவர்களுடைய குழாய்களைத் தொடுவாள். வரைந்த தாளில் தேதி போட்டு, கையெழுத்திட்டு, மர அலமாரியில் அடுக்கிவைப்பாள். அந்த அறையில் இரும்பு ஆகாது.

இந்தக் காலைத் தாள்களை யாரும் கேட்டதில்லை. அவளும் யாருக்கும் காட்டியதில்லை.

அவள் ராசிபுரத்துக்காரி. அப்பா போன பிறகு அம்மா வேலம்மாளும் அவளும் மாமா குழந்தைசாமி வீட்டில் இருந்தார்கள். பி.எஸ்சி. முடித்தாள். மாமா தன் மகனுக்கே அவளைக் கட்டிவைப்பது என்று முடிவுசெய்து, அவளிடம் சொல்லாமல் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். அவள் முடியாது என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்கூட மாறிவிட்டது. மத்திய அரசுத் தேர்வு எழுதி, டெல்லியில் இந்த வேலை கிடைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். “திரும்பி வருவீங்கடி, ரெண்டு பேரும் என் வாசல்லதான் வந்து நிப்பீங்க,” என்று மாமா தெருவில் நின்று சொன்னார். அது அவளுக்கு மறக்கவில்லை.

கரோல் பாகில் ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடி அறையில் குடியிருந்தார்கள். வேலை தற்காலிகம்தான். இரண்டு வருடம் தகுதிகாண் காலம். எண்பத்திரண்டு நவம்பர் பதினாறாம் தேதி முடியும். அதற்குள் பிரிவுத் தலைவர் நல்ல அறிக்கை எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் மாமா வாசல்.

பிரிவுத் தலைவர் டாக்டர் கல்யாணராமன். ஆர்.கே. புரத்தில் வீடு, தமிழ்ச் சங்கத்தில் பதவி, வெளிநாட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த பெருமை. அவருடைய பேர் சொல்லும் ஆராய்ச்சி ஒரு களிமண். ராஜஸ்தானிலிருந்து மூட்டையில் வரவழைத்து, அமிலத்தில் ஊறவைத்துக் காயவைத்த களிமண். அதை வினையூக்கியாகப் போட்டு, நியோபென்டைல் ஆல்கஹாலை டொலுயீன் வளையத்தில் ஒட்டவைப்பதாக அவர் சொன்னார். ஒட்டவைப்பது பெரிய காரியமில்லை. உருமாறாமல் ஒட்டவைப்பதுதான் பெரிய காரியம்.

நியோபென்டைலில் ஒரு கார்பன், மூன்று மெத்தில் தொகுதிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. நான்காவது கையால் அது பிடித்திருக்கும் கார்பனில்தான் ஆல்கஹாலின் ஓ.எச். இருக்கிறது. அமிலம் பட்டு அந்த ஓ.எச். கழன்றால், அது இருந்த கார்பன் எலக்ட்ரான் இல்லாமல் தவிக்கும் கார்போனியம் அயனியாகிவிடும். உடனே பக்கத்து மெத்திலில் ஒன்று தன் பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களோடு அங்கே தாவிவிடும். இது நாற்பது வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கல்யாணராமனோ, களிமண் அடுக்குகளின் நெருக்கத்தில் மெத்தில் புரள இடமே கிடையாது, அதனால் தன்னிடம் அது தாவாது என்றார். மெத்தில் தாவாவிட்டால் மூன்று மெத்தில்களும் ஒன்றுபோல இருக்கும். பேனா ஒரே ஒரு உயரக் கோடு போடும். தாவினால் ஓர் எதில் தொகுதி பிறக்கும். மூன்று விரல், நான்கு விரல்.

களிமண் வேலையைச் செய்தவள் விஜயலக்ஷ்மி, அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த பெண். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

ஒவ்வொரு குழாயோடும் ஒரு சீட்டு வரவேண்டும் என்பது அங்கே விதி. சீட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், எதிர்பார்க்கும் மூலக்கூறின் வடிவத்தை அனுப்புகிறவர் வரைய வேண்டும். இரண்டாவது கட்டத்தில், வந்த வரைபடம் அதோடு ஒத்துப்போகிறதா, ஆம் அல்லது இல்லை என்று கருவியை இயக்குகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்சவேணிக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ‘ஆம்’ என்று முன்கூட்டியே எழுதிய சீட்டுகளை ஒரு கட்டாக மேசைக்குள் வைத்திருந்தாராம். அவர் மாற்றலாகிப் போனபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

அம்சவேணியும் முதல் நான்கு களிமண் சீட்டுகளில் ‘ஆம்’ என்றுதான் எழுதினாள். புது வேலை. உயரக் கோடு ஒன்று இருந்தது. ஓரத்தில் குட்டியாக ஏதோ மேடு. “அது கிரீஸ்,” என்று சொல்லியனுப்பியிருந்தார் கல்யாணராமன். கண்ணாடிச் சாமான்களின் இணைப்பில் தடவுகிற கிரீஸ் சாம்பிளோடு கலந்து வருவதும், வரைபடத்தின் அதே ஓரத்தில் மேடாகத் தெரிவதும் உண்மைதான். ஆர்கானிக் லாபில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் எதைப் பார்த்தாலும் கிரீஸ் என்று ஒதுக்கிப் பழக்கம்.

ஐந்தாவது குழாயை ஏப்ரலில் விஜயலக்ஷ்மியே கொண்டுவந்தாள். அம்சவேணியை அக்கா என்று ஹிந்தியில்தான் கூப்பிடுவாள்.

“தீதி, ஜல்தி பண்ணுங்கோ. சார் மேல வெயிட் பண்றார்.”

“நான் என்ன மாவா அரைக்கிறேன், ஜல்தி பண்ண? காந்தம் அதும்பாட்டுக்குத்தான் போகும். உட்காருங்க.”

விஜயலக்ஷ்மி உட்காரவில்லை. அம்சவேணி அன்று ஏனோ, அந்த ஓரத்து மேட்டை மட்டும் பெரிதாக்கி, பேனாவை மெதுவாக நடக்கவிட்டாள். மேடு பிரிந்தது. மூன்று விரல். நடுவிரல் உயரம், ஓரங்கள் அதில் பாதி. தினமும் காலையில் பார்க்கிற அதே உருவம்.

“இது என்னங்க?”

“கிரீஸ், தீதி. சார் சொன்னாரே.”

“கிரீஸ் எவ்வளவு தடவுவீங்க?”

விஜயலக்ஷ்மி சிரித்தாள். “யாராவது அளந்தா தடவுவா?”

அம்சவேணி அலமாரியிலிருந்து பழைய நான்கு வரைபடங்களையும் எடுத்து மேசையில் வரிசையாகப் போட்டாள். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னால் எத்தனை ஹைட்ரஜன் என்பதைக் கருவி படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டும். ஸ்கேலை வைத்து அளந்தாள். உயரக் கோட்டில் ஆறு என்றால் ஓரத்து மேட்டில் மூன்று. ஐந்து தாளிலும் ஆறுக்கு மூன்று. பிசகவே இல்லை.

“அளக்காமத் தடவின கிரீஸ் அஞ்சு தடவையும் ஒரே அளவா வந்திருக்குதே, அது எப்படிங்க?”

விஜயலக்ஷ்மியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? ‘யெஸ்’ போட்டுக் குடுங்கோ. என் தீசிஸ் அக்டோபர்ல போகணும்.”

அம்சவேணி ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் கல்யாணராமன் கீழே இறங்கி வந்தார். அவர் அந்த அறைக்கு வருவது வருடத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். வாசலிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. அவர் கழற்றவில்லை.

“இல்லைன்னு எழுதியிருக்கியே, யாரைக் கேட்டு எழுதினே?”

“ஆமாவா இல்லையான்னு கட்டத்துல கேட்டிருக்குதுங்க சார். இல்லைன்னு பட்டுச்சு. எழுதினேன்.”

“பட்டுதா? உனக்கு என்னம்மா படறது? நீ பி.எஸ்சி. அதுவும் தமிழ் மீடியம். ஹைட்ரஜனை நீரகம்னு படிச்சுட்டு வந்தவதானே நீ?”

“நீரகம்னு படிச்சாலும் மூணு மூணுதாங்க சார்.”

அவர் பின்னால் வந்திருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“கிரீஸையே ஓட்டிப் பார்த்தேனுங்க,” என்று அவள் இன்னொரு தாளை நீட்டினாள். மத்தியானம் கிரீஸ் டப்பாவிலிருந்து ஒரு பொட்டு எடுத்துக் கரைத்து, குழாயில் ஊற்றி, பேனாவை ஓட்டியிருந்தாள். தாளில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு. “இதை எவ்வளவு பெருசாக்கினாலும் விரலே வரலீங்க. இதுதான் கிரீஸ். அது எதில்.”

அவர் அந்தத் தாளை வாங்கி, பார்க்காமலே இரண்டாக மடித்து, அவள் மேசையில் திரும்பப் போட்டார். “நீ பட்டனை அமுக்கறதுக்கு இருக்கே. அதை மட்டும் பண்ணு. நவம்பர் பதினாறு ஞாபகம் இருக்கோல்லியோ?”

“இருக்குதுங்க சார்.”

“எனக்கும் இருக்கு.”

மேலே போனவரின் கடிகாரம் மறுநாள் ரிப்பேர் கடைக்குப் போனதாக பியூன் சொன்னான். அம்சவேணி அதற்காக வருத்தப்படவில்லை.

அதன் பிறகு களிமண் சீட்டுகள் ஆறு வந்தன. ஆறிலும் ‘இல்லை’ என்று எழுதினாள். ஆய்வுக்கூடத்தில் அவளோடு பேச்சு குறைந்தது. டீ வருகிறபோது அவள் மேசைக்கு மட்டும் கிளாஸ் கடைசியில் வந்தது, ஆறிப்போய். விஜயலக்ஷ்மி குழாயைக் கதவருகே வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வீட்டில் வேலம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “ஆமான்னு எழுதிட்டுப் போயேண்டி. உன் வூட்டுச் சொத்தா போவுது?”

“பார்த்ததை எப்படிம்மா பார்க்கலைன்னு எழுதறது?”

“மூணு புள்ளி, மூணு கோடு. அதுக்கோசரம் மறுபடி உன் மாமன் மூஞ்சில முழிக்கணுமா நானு?” அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக. “கல்யாணத்துக்கு ஆமாங்க மாட்டா, ஆபீசுல ஆமாங்க மாட்டா. என்ன வாயோ இது, ஆமான்னு ஒரு சொல்லு வராத வாயி.”

அம்மாவுக்கு டெல்லியும் பிடிக்காது, வெயிலும் பிடிக்காது, கீழ் வீட்டுக்காரர்களும் பிடிக்காது. ஆனாலும் ராசிபுரத்தைவிட இது மேல் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் இருந்த பயம் அம்சவேணிக்குப் புரிந்தது. அவளுக்கும் அதே பயம்தான்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை செமினார். ஊரெங்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். கல்யாணராமன் தன் களிமண்ணைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அம்சவேணி பின்வரிசையில், ஸ்லைடு புரொஜெக்டர் பக்கத்தில் இருந்தாள். அதையும் அவள்தான் ஓட்ட வேண்டும்.

பேச்சு முடிகிற இடத்தில் அவர் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம் ஆபரேட்டர் அம்மணிக்கு இதில் வேறு கொள்கை,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “என் மெத்தில்கள் ஊர் சுற்றுகின்றனவாம். வாருங்கள் மேடம், எங்களுக்கெல்லாம் ஆர்பிட்டால் பாடம் நடத்துங்கள்.”

சிரிப்பு எழுந்தது. வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார். அவள் புரொஜெக்டரை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொன்னாள். ஐந்தாவது வாக்கியம் பாதியில் நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் ஹிந்திக்கு மாறினாள். சாக்பீஸ் மட்டும் தடுமாறவில்லை.

ஓ.எச். கழன்ற கார்பனை வரைந்தாள். அதன் மேலும் கீழும் இரண்டு இதழ்களாக, எலக்ட்ரான் உலவும் இடமான ஆர்பிட்டாலைக் காலியாக வரைந்தாள். உள்ளே ஒரு எலக்ட்ரான்கூடக் கிடையாது என்று காட்ட அதை நிரப்பாமல் விட்டாள். பக்கத்துக் கார்பனில் மூன்று மெத்தில் பிணைப்புகள். எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த மூன்றில் ஒன்று அந்தக் காலி இதழுக்கு ஏறக்குறைய இணையாகத்தான் நிற்கும் என்று திருப்பித் திருப்பி வரைந்து காட்டினாள். இணையாக நிற்கிற பிணைப்பும் காலி ஆர்பிட்டாலும் கலந்து ஒரே மூலக்கூறு ஆர்பிட்டாலாகிவிடுகின்றன. மூன்று அணுக்களுக்கு நடுவே இரண்டே எலக்ட்ரான். அந்த நேரத்தில் மெத்தில் இரண்டு கார்பனுக்கும் பொது. அங்கிருந்து அது மறுபக்கம் சாய்ந்தால், நேர்மின்சுமை, அதைத் தாங்க மூன்று துணை உள்ள கார்பனுக்குப் போய்விடுகிறது. அது எவ்வளவோ நிலையான இடம். “இதுக்கு மெத்தில் எங்கேயும் புரளத் தேவையில்லை. இருந்த இடத்திலிருந்து ஒரு பிணைப்பு தூரம். களிமண் அடுக்கு எவ்வளவு நெருக்கமா இருந்தா என்ன?”

சிரிப்பு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான விஞ்ஞானி மட்டும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நன்றி,” என்றார் கல்யாணராமன். “பரீட்சைக்கு நன்றாகப் படித்திருக்கிறாள். ஆனால் என் களிமண் அந்தப் பாடப்புத்தகத்தைப் படித்ததில்லை.”

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வயதான விஞ்ஞானியும் கடைசியில் சிரித்தார். விஜயலக்ஷ்மி மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தாள். அம்சவேணி கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, புரொஜெக்டரை மறுபடி போட்டாள். கடைசி ஸ்லைடு இன்னும் மிச்சமிருந்தது.

அக்டோபர் கடைசியில், கல்யாணராமன் களிமண் கட்டுரையை அனுப்பியிருந்த வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. அதில் இருந்த இரண்டு வரி ஒரே நாளில் நிறுவனம் முழுக்கப் பரவிவிட்டது: ஆசிரியர்கள் கிரீஸ் என்று ஒதுக்கியிருப்பது எதில் தொகுதி, பொருள் உருமாறியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அம்சவேணியின் மேசைக்கு ஒரு மெமோ வந்தது. கருவியைச் சரியாகப் பராமரிக்காததால் தவறான வரைபடங்கள் வந்தன, அதனால் பிரிவின் பெயர் கெட்டது, அவளுடைய தகுதிகாண் காலத்தை ஏன் இத்தோடு முடித்துவிடக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். கீழே கல்யாணராமனின் கையெழுத்து.

அன்று மத்தியானமே கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“ஒரு பக்கம் எழுதிக் குடு. மெஷின் சரியில்லை, நான் கவனிக்கத் தவறிட்டேன்னு. அதை வச்சு நான் பத்திரிகைக்கு எழுதிக்கறேன். மெமோவைக் கிழிச்சுப் போட்டுடறேன். பதினாறாம் தேதி கன்ஃபர்மேஷன் ஆர்டர் உன் கையில இருக்கும்.”

“மெஷின் நல்லா இருந்துச்சுங்க சார்.”

“அப்போ முதல் நாலு சீட்டுல ஆமான்னு எழுதினது யாரு? உன் கையெழுத்துதானே? மெஷின் கெட்டுப்போயிருக்கணும், இல்லேன்னா உனக்குப் பார்க்கத் தெரியலைன்னு இருக்கணும். ரெண்டுல எது, நீயே சொல்லு.”

அந்த நான்கு ‘ஆம்’ அவளை ஏப்ரலிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரும்மா. நாமெல்லாம் ஒரு பக்கத்து மனுஷா. இந்த ஊர்க்காரா மத்தியில நீயும் நானும் அடிச்சுக்கறது நன்னாவா இருக்கு? நம்ம பாஷையில நம்மளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே.”

இரண்டு வருடமாக அவளுடைய தமிழைச் சொல்லிச் சொல்லிக் காட்டியவர் இப்போது அந்தத் தமிழையே கையில் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாடினார். அவளுக்குள் ஏதோ சட்டென்று மூடிக்கொண்டது.

“சாப்,” என்றாள். “மெஷீன் டீக் தீ.”

அவள் ஏன் மொழி மாறினாள் என்று புரியாமல் அவர் பார்த்தார். கருவி சரியாகத்தான் இருந்தது என்று அவள் ஹிந்தியில் இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

மெமோவுக்கான விளக்கத்தையும் அவள் ஹிந்தியில்தான் எழுதினாள். மத்திய அரசு ஊழியர்களுக்கு வைத்த ஹிந்தி வகுப்புகளில், வேறு போக்கிடம் இல்லாததால், ஒன்றுவிடாமல் உட்கார்ந்து எல்லாப் பரீட்சையும் பாஸ் செய்திருந்தாள். கல்யாணராமன் வேலைப்பளுவைக் காட்டி வருடா வருடம் அந்த வகுப்பிலிருந்து தப்பித்துவந்தவர். ஹிந்தியில் வந்த மனுவுக்கு ஹிந்தியில்தான் பதில் தரவேண்டும் என்று விதி இருந்தது. அவளுக்கு அது தெரியும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கம் ஒரு பக்கம்தான். ‘முதல் நான்கு சீட்டுகளில் ஆம் என்று எழுதியது என் தவறு. உயர் அதிகாரி சொன்னதை நம்பி, உற்றுப் பார்க்காமல் எழுதினேன். அது கருவியின் தவறு அல்ல. கருவி ஒவ்வொரு நாளும் சரியாக இருந்ததற்கு அத்தாட்சி இணைக்கப்பட்டுள்ளது.’

அத்தாட்சி என்பது இரண்டு வருடத்துக் காலைத் தாள்கள். சிவப்பு நாடாவில் நான்கு கட்டாகக் கட்டி, இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு போய் நிர்வாக அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் மதுராக்காரர், ரசாயனம் தெரியாதவர், வேலை கூடியதில் எரிச்சல். “யே க்யா ஹை? பழைய பேப்பர்க் கடையா வைத்திருக்கிறேன் நான்?” என்று ஹிந்தியில் சீறினார்.

“தேதி பாருங்கள்,” என்றாள்.

அவர் வேண்டாவெறுப்பாக ஒரு தாளை உருவினார். பிறகு இன்னொன்றை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். மூன்று விரல்மேல் மூன்று விரல் அப்படியே பொருந்தியது. கட்டுக்கு இரண்டாக எட்டுத் தாள் பார்த்தார். களிமண் குழாய் ஓடிய தேதிகளைக் கேட்டு அந்தத் தாள்களையும் பார்த்தார். எதிலும் விரல் மழுங்கவில்லை. கடைசியில் அவள் விஜயலக்ஷ்மியின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் பிடித்தாள். இடம் கொஞ்சம் தள்ளியிருந்தது. உருவம் அதேதான்.

“இது கிரீஸ் என்றா சொன்னார்?”

“ஆம்.”

“எனக்கே தெரிகிறதே,” என்றார் அவர். அவள்மேல் பரிவு ஒன்றும் இல்லை அந்தக் குரலில். ஒரு பெரிய டாக்டரின் தப்பு தன் கண்ணுக்கே தெரிந்துவிட்டதில் வந்த மகிழ்ச்சிதான் இருந்தது.

கோப்பு ஹிந்தியிலேயே கல்யாணராமனுக்குப் போனது. அவர் அதை மொழிபெயர்ப்புக்கு அனுப்பினார். மொழிபெயர்ப்பாளர் லீவில் இருந்தார். கருவி சரியில்லை என்று கல்யாணராமனால் இனி எழுத முடியவில்லை. ஜன்னலில் ஒட்டிப் பார்த்த கதை அதற்குள் கேன்டீன் வரை போயிருந்தது. பதினாறாம் தேதி மாலை நாலேகாலுக்கு நிரந்தர ஆணை அவள் மேசைக்கு வந்தது. கூடவே அவளுடைய ரகசிய அறிக்கையில் ஒரு வரி ஏறியிருப்பதையும் தெரிவித்தார்கள்: வாக்குவாதம் செய்யும் இயல்புள்ளவர், அடங்கி வேலை செய்யத் தெரியாதவர். அந்த வரி அவளுடைய பதவி உயர்வை நான்கு வருடம் தள்ளிப்போட்டது.

ஆணையைப் பார்த்துவிட்டு வேலம்மாள், “அந்தாளு சும்மா விடமாட்டான் பாரு,” என்றாள். மாமாவுக்குக் கடிதம் போடச் சொன்னாள். ஆணையில் இருந்த அத்தனையையும் அதில் எழுதச் சொன்னாள், ‘சௌக்கியமா’ என்று விசாரிப்பதைத் தவிர.

அடுத்த வருடம் கல்யாணராமனின் கட்டுரை வெளியானது. நியோபென்டைல் தொகுதியைக் களிமண் மிக வேகமாகவும் சுத்தமாகவும் உருமாறச் செய்கிறது என்பது அவருடைய புதிய கண்டுபிடிப்பு. பதினொரு வரைபடங்களும் அதற்கு ஆதாரம். விஜயலக்ஷ்மிக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் களிமண் அனுப்பிய வியாபாரி பேர்கூட இருந்தது. அவள் ஒரு டப்பா லட்டோடு கீழே வந்தாள்.

“தீதி, முஹ் மீட்டா கர்லோ. ஒண்ணு எடுத்துக்கோங்கோ, ப்ளீஸ்.”

“செமினார்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றாள் அம்சவேணி.

“என் தீசிஸ் போயிருக்கும், தீதி.”

“எனக்கு வேலை போயிருக்கும்.”

விஜயலக்ஷ்மி டப்பாவைக் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு கல்யாணராமன் ஓய்வுபெறும்வரை ஐந்தரை வருடம் இருவரும் அதே கட்டடத்தில் இருந்தார்கள். எதிரே வந்தால் இருவருமே ஒதுங்கவில்லை. பேச வேண்டி வந்தால் அவள் ஹிந்தியில் மட்டும் பேசினாள். அவர் தமிழில் கேட்பார், அவள் ஹிந்தியில் சொல்வாள். அவருடைய ஹிந்தி கறிகாய் வாங்கத்தான் போதும். பாதி புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார். வடக்கத்தி ஊழியர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு வேடிக்கை இல்லை.

அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரிடமிருந்து வரும் சீட்டுகளில் முதல் கட்டம் வெறுமையாக வர ஆரம்பித்தது. எதிர்பார்க்கும் வடிவத்தை வரையாவிட்டால் அவள் எதை ஆம், எதை இல்லை என்பாள்?

முதல் வெற்றுச் சீட்டைக் குழாயோடு பியூனிடம் திருப்பி அனுப்பினாள். மறுபடி அப்படியே வந்தது. மறுபடி அனுப்பினாள். மூன்றாவது தடவை அவரே இறங்கி வந்தார். இந்தத் தடவை வாசலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“என்ன வேணும் உனக்கு?”

அவள் சீட்டை மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, முதல் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். “யே கானா காலி ஹை, சாப்,” என்றாள். கட்டம் காலி.

“ஓட்டு. வந்ததைப் பார்த்துண்டு நான் வரைஞ்சுக்கறேன்.”

அவள் காந்தத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பென்சில் ஒன்றை எடுத்துச் சீட்டின் பக்கத்தில் வைத்தாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து பென்சிலை எடுத்தார். வளையம் போட்டார். ஒரு கார்பன். அதன் பக்கத்தில் இன்னொன்று. கடைசி மெத்திலை எங்கே போடுவது என்று பென்சில் ஒரு கணம் தயங்கி நின்றது.

அவர் வரைந்து முடிக்கும்வரை அவள் குழாயைத் தொடவில்லை.